போனில் குவிந்த குடும்பப் படங்களை ஒழுங்கு செய்வது எப்படி? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம் முடிந்தால் படங்கள் நாலு இடத்தில் கிடக்கும். போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவ் ஒன்று, மாமா பையன் போனில் எடுத்தவை, மாப்பிள்ளை வீட்டார் எடுத்தவை, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தவை. ஆறு மாதம் கழித்து, "தாலி கட்டும்போது பாட்டி கண்ணைத் துடைச்சிக்கிட்டு நின்னாங்களே, அந்தப் படம் எங்கே?" என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான். படம் எங்கோ பத்திரமாக இருக்கிறது. எப்போது எடுத்தது, யார் இருக்கிறார்கள் என்ற விவரம்தான் அதனோடு இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "படத்தைப் பளிச்சென்று ஆக்க எந்த ஆப் நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாப் படங்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு தேதியைச் சரிசெய்ய வேண்டும், பிறகு ஆட்களின் பெயரை எழுத வேண்டும். இந்த மூன்றும் முடிந்த வீட்டில் எந்தப் படத்தையும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். திருத்துவதை அதன்பின் நிதானமாகச் செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு லேப்டாப் அல்லது கணினி, 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, போனை இணைக்க நல்ல கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் படங்கள் வராது. போனை இணைத்தும் கணினியில் எதுவும் தெரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படங்களை அடுக்கவும் திருத்தவும் நான் சொல்லும் மென்பொருள் டிஜிகேம். 2001 முதல் வளர்ந்து வரும் இது கே.டி.இ. என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தைச் சேர்ந்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படங்கள் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும், எங்கேயும் ஏற்றப்படாது. லைட்ரூம் சிறந்த மென்பொருள்தான், ஆனால் மாதச் சந்தா கட்டவேண்டும். குடும்பப் படங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

பழைய ஆட்களுக்கு பிகாசா நினைவிருக்கும். கூகுள் 2004ல் வாங்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. எவ்வளவோ வீடுகளில் அதில்தான் படங்களை அடுக்கினார்கள். 2016 மார்ச்சில் கூகுள் அதைக் கைவிட்டது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் செய்த திருத்தங்களில் பல, சேமிக்கச் சொல்லாத வரை, பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில்தான் இருந்தன. வேறு மென்பொருளில் திறந்தால் அவை தெரியாது. ஆகவே எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், நாம் எழுதும் விவரம் படக் கோப்புக்குள்ளேயே போய் உட்கார வேண்டும். டிஜிகேமில் அதற்கு வழி இருக்கிறது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமும் அதுதான்.

கணினியே இல்லை, போன் மட்டும்தான் என்றால் கூகுள் போட்டோஸ் போதும். ஆனால் கணக்கு தெரிந்து பயன்படுத்துங்கள். 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச இடம் நின்றுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். இன்னொன்று: பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலிருந்தும் போகும், மேகத்திலிருந்தும், அதாவது இணையத்தில் கூகுள் வைத்திருக்கும் பிரதியும், போகும். 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதன்பின் கிடைக்காது. "போனில் இடமில்லை" என்று கூகுள் போட்டோஸைத் திறந்து அழிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் மட்டும் வேண்டுமென்றால் அதிலேயே "இடத்தைக் காலியாக்கு" என்று தனி வசதி இருக்கிறது. பேக்கப் ஆனதைப் பார்த்து, போனில் உள்ள பிரதியை மட்டும் அது நீக்கும்.

படி 1: சேர்ப்பது

கணினியில் "குடும்பப் படங்கள்" என்று ஒரு ஃபோல்டர் திறங்கள். அதற்குள் "வரவு" என்று இன்னொன்று. எங்கிருந்து வந்தாலும் படம் முதலில் வரவுக்குத்தான் போக வேண்டும். போனிலிருந்து காப்பி மட்டும் செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது பிரதி போய்ச் சேரும்வரை போனிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் கேமரா படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள் கேமரா என்ற ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் அங்கே இருக்காது. ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டர் என்று உள்ளே போனால் கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கொண்டுவந்து, வரவுக்குள் "அப்பா போன் கேமரா", "அப்பா போன் வாட்ஸ்அப்" என்று பெயர் வையுங்கள். யாருடைய போனிலிருந்து வந்தது என்ற விவரம் பின்னால் தேதி சரிசெய்யும்போது மிகவும் உதவும்.

ஐபோனை விண்டோஸ் கணினியில் இணைத்துக் காப்பி செய்யும்போது பாதியில் நின்றுபோவது பலருக்கும் நடக்கிறது. போனின் அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கடைசியில் கணினிக்கு மாற்றும் இடத்தில் அசலையே வைத்துக்கொள் என்று பொருள்படும் தேர்வை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். படங்கள் எச்இஐசி வகையாக வரும். டிஜிகேம் அதைத் திறக்கும்.

ஏற்கெனவே எல்லாம் கூகுள் போட்டோஸில் இருந்தால் கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாக இறக்கலாம். ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்ற சின்னக் கோப்பு ஒன்று வரும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸுக்குள் நீங்கள் மாற்றிய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பீரோவில் கிடக்கும் பழைய சிடிகளை இந்த வாரமே காப்பி எடுத்துவிடுங்கள். 2005 வாக்கில் ஸ்டூடியோக்கள் கல்யாணப் படங்களை சிடியில்தான் கொடுத்தன. நம் கடலோர ஈரக் காற்றில் அவை ஒவ்வொன்றாகப் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. சிடி டிரைவ் இப்போதைய லேப்டாப்பில் இருக்காது. யுஎஸ்பியில் சொருகும் வெளி டிரைவை யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும்.

படி 2: டிஜிகேமை நிறுவும்போது கேட்கும் கேள்விகள்

டிஜிகேம் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். முதன்முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். படங்கள் எங்கே என்றால் "குடும்பப் படங்கள்" ஃபோல்டரைக் காட்டுங்கள். தரவுத்தளம், அதாவது படங்களைப் பற்றி டிஜிகேம் எழுதி வைக்கும் பட்டியல், எங்கே என்றால் லேப்டாப்பின் உள் டிஸ்க்கைக் காட்டுங்கள், வெளி டிஸ்க் வேண்டாம், வேகம் குறையும். அடுத்து, விவரங்களைக் கோப்புகளில் சேர்க்கவா, ஒன்றும் செய்ய வேண்டாமா என்று கேட்கும். இங்கே சேர்க்கச் சொல்லுங்கள். மேலே பிகாசா பற்றிச் சொன்னது இந்த ஒரு கேள்விக்காகத்தான். முகங்களை அடையாளம் காண்பதற்கான கோப்புகளை இறக்கவா என்றும் கேட்கும். சில நூறு எம்பி வரும், வைஃபையில் இருக்கும்போது சம்மதியுங்கள். மற்ற கேள்விகளுக்கு அது காட்டும் விடையே போதும்.

இதன்பிறகு ஃபோல்டர்களின் பெயரை மாற்றுவது, படத்தை இடம் மாற்றுவது எல்லாவற்றையும் டிஜிகேமுக்குள்ளேயே செய்யுங்கள்.

படி 3: ஃபோல்டர் பெயர்

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. பெயர் தேதியில் தொடங்க வேண்டும், அதுவும் ஆண்டு முதலில்: "2024-11-30 ஃபெஞ்சல் புயல்", "2023-03-06 மாசி மகம் தேவனாம்பட்டினம்" என்பது போல. நாம் பேசும் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டின் முதல் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒற்றை இலக்க மாதத்துக்கு முன் சுழியம் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 10ஆம் மாதம் 2ஆம் மாதத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

நிகழ்ச்சி எதுவும் இல்லாத படங்கள்தான் அதிகம். குழந்தை தூங்கியது, வாசலில் போட்ட கோலம், சில்வர் பீச்சில் ஒரு சாயங்காலம். அவற்றுக்கெல்லாம் தனித்தனி ஃபோல்டர் வேண்டாம். "2024-06 சில்லறை" என்று மாதத்துக்கு ஒன்று போதும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், கணினிக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. பழைய டிவியில் பென் டிரைவைச் சொருகினால் சிலவற்றில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதற்கென்று எடுக்கும் பிரதியில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: தேதி

இந்த வேலையில் பலரும் அவசரப்படுவார்கள். இங்கேதான் நிற்க வேண்டும்.

கேமராவோ போனோ படம் எடுக்கும்போது எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர், இடம் இவற்றையெல்லாம் கோப்புக்குள் எழுதி வைக்கும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். டிஜிகேம் இதை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறது. வாட்ஸ்அப் வழியாக வழக்கம்போல் அனுப்பினால் இந்த விவரம் போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படத்தின் பெயர் ஐஎம்ஜி-20241201-டபிள்யூஏ0012 என்பது போல் இருக்கும். நடுவில் இருப்பது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்த நாள். நிகழ்ச்சியன்றே பகிர்ந்த படமென்றால் அதையே எடுத்த நாளாகக் கொள்ளலாம். வாட்ஸ்அப் படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஐட்டம் மெனுவில் தேதி நேரம் திருத்தும் கருவியைத் திறந்து, கோப்பின் பெயரிலிருந்து தேதியை எடு என்று சொன்னால் மொத்தமாக எழுதிவிடும். பழைய படத்தை யாராவது பிற்பாடு ஃபார்வர்டு செய்திருந்தால் மட்டும் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

கல்யாணப் படங்களில் வேறொரு சிக்கல் வரும். போன் நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுப்பதால் அது சரியாக இருக்கும். போட்டோகிராபரின் கேமராவில் யாரோ கையால் வைத்த நேரம் ஓடும். பேட்டரி மாற்றி, காலையா மாலையா என்பதைத் தப்பாக வைத்திருந்தால், திருவந்திபுரத்தில் விடிகாலையில் நடந்த முகூர்த்தம் சாயங்காலம் நடந்ததாகப் பதிந்திருக்கும். எல்லாரின் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், பந்தி நடந்த பிறகு தாலி கட்டியது போல வரிசை வரும்.

இதைச் சரிசெய்ய, இரண்டு கருவியிலும் பதிந்த ஒரே கணத்தைக் கண்டுபிடியுங்கள். தாலி கட்டும் நொடி அதற்கு ரொம்ப வசதி, அட்சதை தூவும் கைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். போன் படத்தில் காலை 6:42 என்றும் கேமரா படத்தில் மாலை 6:40 என்றும் இருந்தால், கேமரா 11 மணி 58 நிமிடம் முன்னால் ஓடுகிறது. அந்தக் கேமராவில் எடுத்த படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே கருவியில் 11 மணி 58 நிமிடத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு போட்டோகிராபர் வந்திருந்தால் இரண்டு கேமராவுக்கும் தனித்தனிக் கணக்கு. முடித்துவிட்டு வரிசையைப் பாருங்கள். காசி யாத்திரை, ஊஞ்சல், தாலி, பந்தி என்று ஐந்து பேர் எடுத்த படங்களும் ஒருவரே எடுத்தது போல ஓடும். இந்த ஒரு காரியத்துக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம்.

படி 5: கழிப்பது

குட்மார்னிங் படங்கள், ஃபார்வர்டு மீம்கள், பில், ஆதார் நகல் என எல்லாம் கலந்து கிடக்கும். அடையாள அட்டை நகல்களைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள், குடும்ப ஆல்பத்தில் அவற்றுக்கு வேலையில்லை. இடப்பக்கம் உள்ள ஒற்றுமை தேடும் பகுதியில் ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஜோடி ஜோடியாகக் காட்டும். முதன்முறை படங்களையெல்லாம் படித்துப் பதிவு செய்ய நேரம் எடுக்கும், இரவில் ஓடவிடுங்கள். ஒரே படம் கேமராவிலும் வாட்ஸ்அப்பிலும் இருந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். பெரியதுதான் அசல், அதை வைத்துக்கொண்டு சின்னதை நீக்குங்கள்.

மிச்சத்தில் நல்லவற்றுக்கு நட்சத்திரம் கொடுங்கள். கன்ட்ரோலும் 5உம் சேர்த்து அழுத்தினால் ஐந்து நட்சத்திரம், 3 என்றால் மூன்று. ஒரு கல்யாணத்துக்கு ஐந்து நட்சத்திரம் முப்பது, நாற்பது படத்துக்குமேல் போகவேண்டாம். மங்கலாக வந்த படத்தைத் தாராளமாக அழிக்கலாம். ஆனால் இறந்துபோனவர்கள் இருக்கும் படத்தை, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அழிக்காதீர்கள்.

படி 6: யார் யார்

ஆட்கள் பகுதியில் முகங்களைத் தேடச் சொன்னால் டிஜிகேம் உங்கள் கணினிக்குள்ளேயே தேடும், இணையம் வேண்டாம். பழைய லேப்டாப்பில் ஒரு இரவு முழுக்க ஓடலாம். காலையில் பார்த்தால் பெயர் தெரியாத முகங்கள் வரிசையாக நிற்கும். மண்டபத்தின் ஃபிளெக்ஸ் பேனரில் சிரிக்கும் தலைவர்களும், காலண்டர் லட்சுமியும் சரஸ்வதியும் நடுநடுவே இருப்பார்கள். அவற்றைப் புறக்கணி என்று ஒதுக்கிவிடலாம்.

பெயர் எழுதுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். "பெரியப்பா", "சின்ன அத்தை" என்று எழுதவே கூடாது. உங்களுக்கு அத்தை உங்கள் பிள்ளைக்குப் பாட்டி, உங்கள் மனைவிக்கு நாத்தனார். இருபது வருடம் கழித்து இந்தத் தொகுப்பைத் திறக்கப்போவது உங்கள் பிள்ளைகள். ஆகவே பெயரை எழுதுங்கள். எந்தக் குடும்பத்திலும் இரண்டு லட்சுமி, மூன்று குமார் இருப்பார்கள். முன்னெழுத்து வைத்துப் பிரிக்கலாம் என்றால் கல்யாணமானதும் பெண்களுக்கு அது மாறிவிடுகிறது. பேச்சில் எப்படிப் பிரிக்கிறோம் என்று பாருங்கள்: நெல்லிக்குப்பம் லட்சுமி, முதலியார்பேட்டை லட்சுமி. அதையே எழுதிவிடுங்கள், ஊர் மாறிப் போனாலும் அந்தப் பெயரை மாற்றாதீர்கள். உறவுமுறையைத் தலைப்புக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்: "தாத்தாவின் மூத்த தங்கை" என்பது போல, யாருடைய தாத்தா என்று பெயரோடு.

குழந்தைகளின் முகம் வருடத்துக்கு வருடம் மாறும். ஒவ்வொரு வயதிலும் சில படங்களுக்குக் கையால் பெயர் கொடுத்தால்தான் மென்பொருள் பிடித்துக்கொள்ளும். மொட்டை போட்டுக் காதுகுத்திய படங்களில் பெரும்பாலும் தடுமாறும். அங்கே முகத்தைச் சுற்றி நீங்களே கட்டம் வரைந்து பெயர் எழுதலாம். அண்ணன் தம்பியை மாற்றிச் சொல்வதும் உண்டு, அதனால் அது ஊகித்ததைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

வயதானவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது நல்லது. லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். பின்வரிசையில் பாதி முகம் தெரியும் ஆளைக்கூட அவர்கள் ஊரோடு பெயரோடு சொல்வார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்வது

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்திருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களும் ஒரு காலத்தின் ஆவணம்தான் என்பதால் அந்தக் கவனத்தோடு கையாளுங்கள்.

ஸ்கேனரில் டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. சாதாரணப் பிரிண்டுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 டிபிஐ வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, தாத்தாவின் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஆல்பத்தில் படம் இறுகிப் பிடித்திருந்தால் பிய்க்காதீர்கள், தாளோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்பில் இன்றைய தேதிதான் இருக்கும். அதை மாற்ற வேண்டும். வருடம் தெரியாவிட்டால் விசேஷத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். தாத்தா பிறந்த வருடம் தெரிந்தால் அறுபதாம் கல்யாணப் படத்தின் வருடம் தெரிந்துவிடும். படத்தில் கைக்குழந்தை யாரென்று தெரிந்தால் அதுவும் ஒரு கணக்கு. வருடம் மட்டும் தெரிந்தால் அந்த வருடத்தின் ஜனவரி 1 என்று வைத்து, குறிப்பில் "உத்தேசம்" என்று எழுதிவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்பி உலர்த்துங்கள். படத்தின் முகத்தைத் துடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

படி 7: இப்போது திருத்தலாம்

ஐந்து நட்சத்திரம் வாங்கிய படங்களை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் திருத்த ஆயுள் போதாது.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ தேவனாம்பட்டினத்திலோ சூரிய உதயத்தில் நிறுத்தி எடுத்தால் வானம் அருமையாக வரும், முகம் இருண்டுபோகும், கடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்படி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு எஃப்4 அழுத்தினால் திருத்தும் திரை திறக்கும். முதலில் சாய்வு. உருமாற்றும் மெனுவில் சுழற்றும் கருவியைத் திறந்து, கடல் கோட்டின் இரு முனைகளையும் குறித்தால் அதுவே நேராக்கும். சுழற்றும்போது ஓரங்கள் போகும், ஆகவே வெட்டுவது இரண்டாவது. மூன்றாவது வெளிச்சம். வளைகோட்டுக் கருவியில் மூலைவிட்டமாக ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் கீழ்ப்பகுதி இருட்டு, வலப்பக்கம் மேல்பகுதி வெளிச்சம். கோட்டின் மேல்பகுதியில் ஒரு புள்ளி வைத்து அசையாமல் நிறுத்திவிட்டு, கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். வானம் அப்படியே இருக்க, முகம் வெளுக்கத் தொடங்கும். கண் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்தால் இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும்.

மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களுக்கு வெண்சமநிலைக் கருவி. அதில் ஒரு துளிசொட்டிக் குறி இருக்கும். அதை எடுத்து, படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றில் சொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் வேட்டி சரியாக இருக்கும், ஜரிகையில் சொடுக்கிவிடாதீர்கள். சொட்டு நீலம் நிறையப் போட்ட வேட்டியானால் படம் லேசாக மஞ்சளடிக்கும், அப்போது வேறு வெள்ளையைத் தேடுங்கள். செம்மை ஏறிப்போன பழைய கலர்ப் பிரிண்டுகளுக்கும் இதே கருவியில் தொடங்கலாம்.

முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி ஃபில்டர்களைத் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். போன் கேமராவிலும் அதை அணைத்து வையுங்கள். நம் வீட்டுப் பெண்ணின் நிறமும், பாட்டியின் முகச் சுருக்கமும் நாளைக்கு அவளுடைய பேத்தி தேடிப் பார்க்கப்போகும் விஷயங்கள்.

சேமிக்கும்போது டிஜிகேம் அசலை அழிக்காமல் பெயரோடு வி1 என்று சேர்த்துப் புதிய கோப்பாக வைக்கும். அசல் பட்டியலில் தெரியாமல் போனால் பயப்பட வேண்டாம், வலப்பக்கம் பதிப்புகள் பகுதியில் இருக்கும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி அதன்மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். ஆகவே எந்த மென்பொருளானாலும் அசல்மேல் சேமிக்காதீர்கள்.

பிரிண்ட் போட, அனுப்ப

போன் படம் பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதம். கடையில் போடும் 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் 3க்கு 2 விகிதம். அப்படியே கொடுத்தால் கடைக்காரர் மேலும் கீழும் வெட்ட வேண்டிவரும், பின்வரிசையில் நிற்பவர்களின் தலை போகும். நீங்களே 3க்கு 2 விகிதத்தில் வெட்டிப் பென் டிரைவில் கொடுங்கள். 4க்கு 6 பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். வாட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தைப் பெரிய ஃபிரேமுக்குப் போடச் சொல்லாதீர்கள். உறவினர்களுக்கு அசலை அனுப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பிலேயே கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். தரமும் குறையாது, தேதியும் போகாது.

படி 8: மூன்று பிரதி

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொன்றிலும் நம் பக்கத்து வீடுகள் இழந்தவற்றில் ஆல்பங்களும் இருந்தன. அதனால் லேப்டாப்பில் ஒரு பிரதி, வீட்டில் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, வெளியூரில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் என்றால் பக்கத்து ஊர் போதாது. ஃபெஞ்சல் விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் விட்டுவைக்கவில்லை. திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி, புதிதாய்ச் சேர்ந்ததைக் காப்பி செய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மேல் தட்டில் வையுங்கள். பீரோவின் அடித்தட்டு வேண்டாம், தண்ணீர் முதலில் வருவது அங்கேதான். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வேண்டுமென்றால், டிஸ்க் காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். எஸ்எஸ்டி வாங்கினால் அதை வருடக்கணக்கில் இணைக்காமல் போட்டுவைக்கக் கூடாது, பதிந்தது மங்கிப்போக வாய்ப்புண்டு.

டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதியுங்கள். ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள் இதற்கு வசதி. இணைத்து, வெவ்வேறு வருடங்களிலிருந்து பத்துப் படங்களையும் இரண்டு வீடியோக்களையும் முழுதாகத் திறந்து பாருங்கள். படம் திறக்கத் தயங்கினாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். அன்றே புதிய டிஸ்க் வாங்கி, மற்ற பிரதியிலிருந்து காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.